பாதிப் படத்தில் எழுந்து போனவர்

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. பொழுது சாய்ந்தபின் வாசலில் நின்று யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. கதவைத் தட்டலாம், செருமலாம், உள்ளே வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் பேசலாம். பேர் மட்டும் கூடாது. லாபிஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ராத்திரியில் ஒரு தடவை கூப்பிட்டால் பேய், மூன்று தடவை கூப்பிட்டால்தான் மனுஷன் என்று லயத்துக் கிழவிகள் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் எங்கள் வீட்டில் அந்தச் சட்டத்தைப் போட்டது பாட்டி இல்லை, தாத்தா. பேயை நம்பாதவர். முனியாண்டிக்குக் கோழி அறுப்பதைக்கூடக் காசைக் கரியாக்கும் வேலை என்பவர். இந்த ஒன்றில் மட்டும் அவருக்கு ஏன் இத்தனை பிடிவாதம் என்று கேட்கத் தோன்றாத வயது எனக்கு.

1983 ஆகஸ்டு. சுதந்திர தின மாதம் என்பதால் தகவல் இலாகாவின் வேன் எங்கள் தோட்டத்துக்கு வந்தது. பந்துத் திடலில் கோல் கம்பங்களுக்கு நடுவே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டினார்கள். ஜெனரேட்டர் சத்தம் கேட்டதும் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடிவந்த பெண்களுக்கு எம்.ஜி.ஆர். படம் இல்லை என்று தெரிந்ததும் முகம் தொங்கிவிட்டது. மலாய்ப் படம். 'புக்கிட் கெப்போங்'. ஜின்ஸ் சம்சுடின் இயக்கி, சார்ஜன் ஜாமிலாக அவரே நடித்து 1981-ல் எடுத்தது. சண்டைப் படம் என்று யாரோ சொன்னதும் பையன்கள் நாங்கள் கச்சான் பொட்டலத்தோடு துணிக்கு அடியிலேயே போய் உட்கார்ந்துகொண்டோம்.

தாத்தா கடைசியில், பழைய பால்வாளி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் படம் பார்க்க வந்ததே எங்களுக்குச் செய்தி. "சார்ஜன் படம்டா" என்று அன்று மத்தியானமே சொல்லிக்கொண்டிருந்தார்.

துணியில் துப்பாக்கிகள் வெடித்தன. பலகை ஸ்டேஷனைச் சுற்றிலும் காட்டு ஆட்கள். உள்ளே இருப்பவர்களைச் சரணடையச் சொல்லிப் போலீஸ்காரர்களின் பெண்டாட்டிகளையே கூவ வைக்கிறார்கள். அந்த இடத்தில் நான் திரும்பிப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை. பயமாக இருந்தால் தாத்தாவைப் பார்ப்பது பழக்கம். வாளி மட்டும் இருந்தது. திடலின் ஓரத்தில், தோளில் துண்டோடு லயத்தை நோக்கி அவர் போய்க்கொண்டிருந்தார். ஓடிப்போய்ப் பிடித்தேன்.

"நீ போய்ப் பாரு. நான் போறேன்."

மறுநாள் காலை, "படம் புடிக்கலையா தாத்தா?" என்றேன்.

"நல்ல படம்."

"கடைசியில சார்ஜன் செத்துட்டாரு."

"தெரியும்." கோப்பியைச் சாஸரில் ஊற்றி ஆற்றினார். "அவரு மனுசன்."

அவ்வளவுதான். அதற்குமேல் அவரிடம் பிடுங்க முடியாது.

சார்ஜன் என்ற சொல் எங்கள் வீட்டில் ஒரு படியளவு மாதிரி. ஆள் எப்படி என்று அளக்க அதைத்தான் எடுப்பார்கள். பிள்ளைகள் பதினோரு பேராகக் குறைந்த பிறகும் தமிழ்ப் பள்ளியை மூடவிடாமல் தினமும் மணியடித்த தலைமையாசிரியரைத் தாத்தா சார்ஜன் என்பார். சம்பளப் பணத்தில் ஒரு காசு குறைந்தாலும் கிராணி மேஜையை விட்டு நகராத ஒரு கிழவியும் சார்ஜன்தான். அம்மா அதையே கிண்டலுக்கு எடுத்துக்கொள்வாள். சோறு வேண்டாம் என்று நான் முறுக்கினால், "பெரிய சார்ஜனு" என்பாள். இத்தனைக்கும் எங்கள் குடும்பத்தில் யாரும் சார்ஜன் ஜாமிலை நேரில் பார்த்ததில்லை.

நடந்தது இது. 1950 பிப்ரவரி 23, விடிவதற்கு முன்னால் நாலு மணி வாக்கில், மூவார் ஆற்றங்கரையில் மூவார் பட்டணத்திலிருந்து 59 கிலோமீட்டர் உள்ளே இருந்த புக்கிட் கெப்போங் போலீஸ் ஸ்டேஷனைக் கம்யூனிஸ்டுப் படை வளைத்தது. பலகைக் கட்டடம். ஆறுதான் அங்கே பாதை. அதனால் கடல் போலீஸ்காரர்களும் சிலர் அங்கே இருந்தார்கள். அவர்களையும் துணைப் போலீசையும் சேர்த்தால்கூட உள்ளே இருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். பொறுப்பில் இருந்தவர் சார்ஜன் ஜாமில் முகமது ஷா. வெளியே சுமார் 180 பேர் என்பது போலீஸ் கணக்கு. சுற்றிலும் காவலர்களின் குடும்பங்கள், பிள்ளைகள். ஒரே அடியில் முடித்துவிடலாம் என்று வந்தவர்களுக்கு விடிந்த பிறகும் ஸ்டேஷன் கிடைக்கவில்லை. சரணடையச் சொன்னார்கள், முடியாது என்றார் ஜாமில். பெண்களைப் பிடித்துக் கூப்பிட வைத்தார்கள். அப்போதும் கதவு திறக்கவில்லை. ஊர்த் தலைவரான பெங்குலு அலி தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து வெளியிலிருந்து சுட்டுப் பார்த்தார். கடைசியில் தீ வைத்தார்கள். ஏறக்குறைய ஐந்து மணி நேரம். உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் மாண்டார்கள், ஜாமிலும். பெண்களும் பிள்ளைகளும் அந்தத் தீயில் போனார்கள்.

அவர் ராணுவத்துச் சார்ஜன் இல்லையே, போலீஸ் சார்ஜன்தானே என்று கேட்கலாம். அந்தச் சண்டையில் இந்த வித்தியாசத்துக்குப் பெரிய அர்த்தமில்லை. 1948 ஜூன் முதல் 1960 ஜூலை வரை நடந்த அந்தப் பன்னிரண்டு வருஷப் போரில் பிரிட்டிஷ், காமன்வெல்த் சிப்பாய்கள் ஐந்நூற்றுச் சொச்சம் பேர் இறந்தார்கள். மலாயாப் போலீஸ்காரர்கள் 1,300 பேருக்கும் மேல். முன்னால் நின்றது யார் என்று அந்தக் கணக்கே சொல்லும். போர் என்றுகூட அதைச் சொல்ல விடவில்லை. போர் என்றால் தோட்டத்து, ஈயச் சுரங்கத்து நஷ்டத்துக்கு லண்டன் இன்ஷூரன்ஸ்காரன் பணம் தரமாட்டான் என்பதால்தான் 'அவசரகாலம்' என்று பேர் வைத்தார்கள் என்பார்கள். எங்கள் தோட்டத்துக் கிழவர்களுக்கு இந்த இரண்டு பேருமே வாயில் வராது. 'ஜப்பான் காலம்', அதற்கப்புறம் 'கம்யூனிஸ் காலம்'. இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் மூச்சு.

நாற்பதுகளில் மட்டும் தாத்தா நாலு சட்டையைப் பார்த்திருக்கிறார். 1942 ஜனவரியில் பின்வாங்கிப் போன வெள்ளைக்காரச் சட்டை. பக்ரியிலும் பாரிட் சூலோங்கிலும் இந்திய, ஆஸ்திரேலியச் சிப்பாய்கள் கொத்துக்கொத்தாகச் செத்த மாதம் அது. பிறகு ஜப்பான்காரன் சட்டை. அவன் எங்கள் தோட்டத்திலிருந்து லாரி லாரியாக ஆட்களைச் சயாம் ரயில் பாதைக்கு ஏற்றிப் போனான். 1945-ல் அவன் தோற்றதும் காட்டிலிருந்து மூன்று நட்சத்திரத் தொப்பி இறங்கிவந்து சில வாரம் ஆட்சி நடத்தியது. மறுபடியும் வெள்ளைக்காரன். ஒவ்வொரு சட்டைக்கும் ஒரு சலாம். வெட்டுக்காட்டில் மரம் அதே மரம், உளி அதே உளி.

ஜப்பான் சண்டை முடிந்து சங்கம் வந்தபோது தோட்டத்து ஆட்கள் நிமிர்ந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்துக்குத் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். 1949 மே 4-ல் கோலாலம்பூர் புடு சிறையில் அவரைத் தூக்கில் போட்டார்கள். கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்பது குற்றம். அதற்கு முந்தின நாள்தான் இன்னொரு சங்கத் தலைவரான வீரசேனனைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். தாத்தாவின் தம்பி சங்கத்தில் இருந்தவர். சின்னத் தாத்தாவை நான் பார்த்ததில்லை. ஒரு நாள் தோட்டத்துக்கு ஜீப் வந்தது. அவரை ஏற்றிக்கொண்டு போனது. சில மாதம் கழித்து நாகப்பட்டினத்திலிருந்து ஒரு கடுதாசி வந்தது: கப்பலேற்றிவிட்டார்கள், சௌக்கியம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள். அந்தக் கடுதாசியும் பத்திரிகையில் கத்தரித்த கணபதியின் படமும் தாத்தாவின் தகரப் பெட்டியில், வேட்டிக்கு அடியில் கிடந்தன. அந்தப் பெட்டியைத் திறந்தால் பாச்சா உருண்டை வாசம் அடிக்கும்.

அந்தக் காலத்தைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சு வந்தால் எல்லாம் சோற்றைப் பற்றித்தான் இருக்கும். அரிசி அளந்து கொடுத்தது. வெட்டுக்குப் போகையில் சோறு எடுத்துப் போகக் கூடாது என்றது; காட்டில் இருப்பவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடுமாம். கம்பிவேலிக் கேட்டில் பெண்களின் இடுப்பைக்கூடத் தடவிப் பார்த்தது. நடுச்சாமத்தில் யாரோ வந்து அடையாள அட்டையை வாங்கி அடுப்பில் போட்டுவிட்டுப் போவார்கள். காலையில் அட்டை எங்கே என்று வேறு யாரோ கேட்பார்கள். பால் மரங்களை ராத்திரியில் கொத்திப் போட்டுவிட்டுப் போவார்கள். அந்த நெரைக்காரனுக்கு அன்று சம்பளம் இல்லை. இதில் யார் பக்கம் நிற்பது என்பதெல்லாம் பத்திரிகை படிப்பவர்கள் பேசுகிற பேச்சு.

ஆகவே பாதிப் படத்தில் தாத்தா எழுந்து போனதற்கு நானே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்துக்கொண்டேன். காலேஜ் போய் நாலு புத்தகம் படித்ததும் அது இன்னும் பலப்பட்டது. தம்பியைக் கப்பலேற்றிய அரசாங்கத்தின் போலீசை வீரனாகக் காட்டும் படத்தை அவரால் பார்க்க முடியவில்லை. 'அவரு மனுசன்' என்றது பெருந்தன்மை. இவ்வளவுதான் என் கணக்கு. 1987-ல் தாத்தா இறந்தபின் இதைத் திருத்த ஆளும் இல்லை.

அந்தக் கணக்கை ஒரு நாள் சந்தையிலும் விற்றேன். 2011 ஆகஸ்டு 21-ல் பாஸ் கட்சியின் துணைத் தலைவராக இருந்த முகமட் சாபு பினாங்கில் தாசேக் கெலுகோரில் பேசினார். புக்கிட் கெப்போங் தாக்குதலுக்குத் தலைமை தாங்கியதாகச் சொல்லப்படும் முகமட் இந்திராதான் உண்மையான சுதந்திரப் போராளி, ஸ்டேஷனில் இருந்தவர்கள் பிரிட்டிஷ்காரனுக்கு வேலை பார்த்தவர்கள் என்கிற மாதிரியான பேச்சு. நாடே கொந்தளித்தது. மாண்டவர்களின் குடும்பத்தார் கண் கலங்கினார்கள், புகார் கொடுத்தார்கள்; அவர்மீது வழக்கும் வந்தது. அதே முகமட் சாபு 2018-ல் தற்காப்பு அமைச்சராகி ராணுவ அணிவகுப்பில் சலாம் வாங்கினார். முகமட் இந்திராவும் ஜொகூர்க்காரர்தான், மலாய்க்காரர்தான், 1953 ஜனவரி 30-ல் தைப்பிங் சிறையில் தூக்கில் தொங்கினார். இதையெல்லாம் ஒரே வரியில் நல்லவன் கெட்டவன் என்று பிரிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமை.

அப்போது நான் ஜொகூர் பாருவில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் நாலைந்து பேர் கூடும் ஒரு சாப்பாட்டுக் கடை உண்டு. அதில் ஒருவர் ஓய்வுபெற்ற மலாய்ப் போலீஸ்காரர். அவருடைய அப்பா அவசரகாலத்தில் தோட்டங்களுக்குக் காவல் நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள். இன்னொருவர் சீனர், அவருடைய குடும்பத்தை லாரியில் ஏற்றிக் கம்பிவேலி போட்ட புதுக்கிராமத்தில் இறக்கியிருக்கிறார்கள். அப்படி இடம் மாற்றப்பட்டவர்கள் நாடு முழுவதும் சுமார் ஐந்து லட்சம் பேர். பேச்சு சூடானது. நான் சும்மா இருந்திருக்கலாம். "எங்க தாத்தா அந்தப் படத்தைப் பாதியிலேயே எழுந்து போயிட்டாரு. அவரு தம்பியைக் கப்பலேத்தினது அந்த அரசாங்கம்தான். வெள்ளைக்காரனுக்குக் காவல் நின்னவங்களை அவரால பாக்க முடியலை" என்றேன். தாத்தாவைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்ட திருப்தி எனக்கு.

போலீஸ்காரர் பதில் சொல்லவில்லை. தே தாரேக்குக் காசை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போனார். பாதிக் கிளாஸ் அப்படியே இருந்தது.

அந்த வருஷம் தீபாவளிக்குச் சிகாமட்டில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். அப்பாவுக்கு மூத்தவர், அப்போது எழுபதைத் தாண்டியிருந்தார். கடையில் நடந்ததைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அத்தை முறுக்குத் தட்டைத் தள்ளிவைத்தார்.

"யாரு சொன்னா உனக்கு, தாத்தா அதுக்குத்தான் எழுந்து போனாருன்னு?"

"பின்னே?"

அத்தை உடனே சொல்லவில்லை. அடுப்படிக்குப் போனார், எதையோ கழுவினார், வந்தார். பிறகு சொன்னது இது. கோர்வையாகச் சொல்லவில்லை; நான்தான் கோர்த்திருக்கிறேன்.

1949 கடைசி, மழைக்காலம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஒரு டிரஸ்ஸர் இருந்தார். தமிழர், நல்ல கைராசிக்காரர். காட்டில் இருந்தவர்கள் மருந்து கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறார்கள், அவர் கொடுக்கவில்லை. அல்லது கொடுத்துவிட்டு அடுத்த தடவை நிறுத்தினார். இரண்டு விதமாகவும் பேச்சு இருந்ததாம். ஒரு ராத்திரி மூன்று பேர் எங்கள் லயத்து வீட்டுக்குள் வந்தார்கள். ஒருவன் பாட்டியின் பக்கத்தில், தொட்டில் ஓரமாக நின்றுகொண்டான். தொட்டிலில் கிடந்தது என் அப்பா. மற்ற இரண்டு பேரும் தாத்தாவை டிரஸ்ஸர் வீட்டு வாசலுக்குக் கூட்டிப் போனார்கள். யார் கூப்பிட்டாலும் திறக்காத டிரஸ்ஸர், தாத்தா கூப்பிட்டால் திறப்பார். இரண்டு பேரும் ஒரே கப்பலில் வந்தவர்கள்.

தாத்தா அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். மூன்று தடவை. "பிள்ளைக்குக் காய்ச்சல் அனலாக் கொதிக்குது, ஒரு எட்டு வாங்க" என்றார்.

டிரஸ்ஸர் மருந்துப் பையை எடுத்துக்கொண்டு, டார்ச் லைட்டை அடித்தபடி கதவைத் திறந்தார்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. அவரு சம்சாரம் ரெண்டு வருஷம் பார்த்துட்டு ஊருக்குப் போயிடுச்சு."

அவசரகாலத்தில் செத்த பொதுமக்கள் 2,478 பேர், காணாமல் போனவர்கள் 810 பேர் என்று புத்தகங்களில் இருக்கும். இந்த எண்ணை நானே ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறேன். 810 என்பது கையில் மருந்துப் பையோடு வெளியே வந்த ஒருவரையும் சேர்த்தா என்று அன்றுவரை யோசித்ததில்லை.

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் அத்தை? நீங்க சின்னப் பிள்ளையா இருந்திருப்பீங்களே."

"பத்து வயசு. காய்ச்சல்னு சொன்ன பிள்ளை நான்தானே. முழிச்சுக்கிட்டுத்தான் கிடந்தேன். பக்கத்து லயம்தான், எங்கப்பா கூப்பிடுற சத்தம் அப்படியே கேட்டுச்சு."

மூன்று மாதத்தில் புக்கிட் கெப்போங் நடந்தது. செய்தி தோட்டத்துக்குப் பத்திரிகையில் வரவில்லை, மீன் விற்கிற மலாய்க்காரர் வாயில் வந்தது. பெண்டாட்டியை வைத்துக் கூப்பிட்டும் அந்தச் சார்ஜன் கதவைத் திறக்கவில்லையாம், ஆட்களையும் திறக்க விடவில்லையாம். கேட்டுவிட்டுத் தாத்தா அன்று வெட்டுக்குப் போகவில்லை என்றார் அத்தை. வெட்டுக்குப் போகாத நாள் அவர் வாழ்க்கையில் எண்ணிவிடலாம்.

கூப்பிட்டவர் அவர்; திறந்தவர் டிரஸ்ஸர். திறக்காத ஒருவர் ஆற்றங்கரையில் எரிந்து போனார். தாத்தா தன்னை அதில் எந்த இடத்தில் வைத்துப் பார்த்தார் என்று நான் பல ராத்திரி யோசித்திருக்கிறேன். சார்ஜன்மீது அவருக்கு இருந்த மரியாதை வெறும் வீரத்துக்கானது என்று எனக்குத் தோன்றவில்லை. வாசலில் கேட்கிற குரல் உன் சொந்தக் குரலாகவே இருந்தாலும் அதன் கழுத்தில் யார் கத்தி இருக்கிறதோ என்று ஒரு கணம் நிற்கத் தெரிந்தவர் அந்த மனிதர். டிரஸ்ஸருக்கு அது தெரியவில்லை. தெரியாமல் போனதற்குக் காரணம், அவர் தாத்தாவை நம்பியது. ஆனால் சார்ஜன் திறக்காததால் யாரும் பிழைத்துவிடவும் இல்லை. இந்த இடத்துக்கு வந்ததும் எனக்கு யோசனை நின்றுவிடும்.

பிறகு, ஞாயிற்றுக்கிழமைக் கடைக்குப் போய்ப் போலீஸ்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். முழுக் கதையும் சொல்லவில்லை. "தாத்தா எழுந்து போனதுக்குக் காரணம் வேற. நான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன். என்ன காரணம் என்று அவர் கேட்கவில்லை. ரொட்டி சானாய்க்கு இரண்டு சொன்னார், ஒன்று எனக்கு.

அடுத்த வருஷம் அத்தையே கேட்டார், புக்கிட் கெப்போங்கைப் பார்க்க வேண்டும் என்று. சிகாமட்டிலிருந்து காரில் போனோம். இப்போது நல்ல தார் ரோடு; வழியெல்லாம் ரப்பர் போய்ச் செம்பனை. அன்று ஆற்றில் மணிக்கணக்காகப் படகில் வந்திருப்பார்களே என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அத்தை காதில் வாங்கவில்லை. முட்டிவலி. தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

சின்ன ஊர். ஆறு காப்பித் தண்ணீர் நிறத்தில் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. கரையில் நின்று அத்தை அதிக நேரம் பார்த்தார். பெண்டு பிள்ளைகள் எந்தப் பக்கம் இருந்தார்கள் என்று கேட்டார். கையை நீட்டி இந்தப் பக்கமாகத்தான் இருக்கும் என்றேன். ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரம்தானா என்றார். கூப்பிடு தூரம் என்ற சொல்லை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

நினைவுச் சின்னத்தில் பேர்கள் இருந்தன. அத்தைக்கு மலாய் பேச வரும், படிக்க வராது. படிக்கச் சொன்னார். ஜாமில் பேரிலிருந்து ஆரம்பித்தேன். மத்தியான வெயில், எங்களைத் தவிர யாருமில்லை. ஒவ்வொரு பேருக்கும் அத்தை லேசாகத் தலையை ஆட்டினார், கல்யாண வீட்டில் மொய் வாசிக்கும்போது ஆட்டுவது மாதிரி. முடிந்ததும், "டிரஸ்ஸர் பேரு இருக்கான்னு பாரு" என்றார்.

"அத்தை, இது போலீஸ்காரங்க பேரு. இங்க செத்தவங்க பேரு."

"தெரியும். பாரு."

மேலிருந்து கீழ்வரைக்கும் விரல் வைத்துப் பார்த்தேன்.